ஃப்ரிட்ஜுக்குள் மருந்து

எங்கள் காலனிக்குள் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தக் கூடாது. ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிறவர்களும், அந்த வெடிக்கு லேபிள் அச்சடிக்கிறவர்களும் சேர்ந்து குடியிருந்த இடம் அது. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில் கேட், வாட்ச்மேன், சங்கம் எல்லாம் வைத்து மகா ஒழுங்காக வாழ்ந்தோம். சங்கத்தின் விதிகள் கேட்டுக்குப் பக்கத்தில் போர்டாக நின்றன. வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது, மாடியில் முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது, கருவாடு வறுப்பதென்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் மீறினால் அபராதத்தோடு போகும். முதல் விதியை மீறினால் மட்டும் வீட்டையே காலி செய்ய வேண்டும். காலனிக்குள் மருந்து கொண்டு வரக் கூடாது என்பதுதான் அந்த விதி.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் கொடுப்பது மாத்திரை, இருமலுக்கு டானிக். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. அம்மாவும், எங்களோடு இருந்த அவள் தங்கை சித்தியும் மதுரையில் வளர்ந்தவர்கள். அவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு கோடையில் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "மருந்து தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க. சூடு படாமப் பாத்துக்கங்க. கேட்ல யார் கண்ணுலயும் பட்டுறக் கூடாது." அன்று சாயங்காலம் அப்பா தன் சாப்பாட்டுத் தூக்கைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். அம்மா அதிலிருந்து எதையோ எடுத்து எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை.

வெயில் காலத்தில் மருந்து சூடேறும் என்று பட்டாசுக் கம்பெனியில் மத்தியானமே வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் குளிரில் வைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதன்பிறகு ஃப்ரிட்ஜ் உறுமினால் வாசலுக்கு ஓடினேன். சித்தி அதன் கதவைச் சாத்தும்போதெல்லாம் காதைப் பொத்தினேன். அந்தக் கோடை முழுக்க நான் ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் வீட்டோடு சேர்ந்து நாங்களும் போய்விடுவோம்.

வீட்டில் அப்போது கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. சங்கத்துச் செயலாளர் மாமா, தன் அக்கா மகனுக்குச் சித்தியைக் கேட்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. சித்திக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஃபோட்டோவை என்னிடம் காட்டி, "மூக்கு கொஞ்சம் பெருசோ?" என்று கேட்பாள், நான் இல்லை என்று சொல்வதற்காகவே.

அந்த வாரம் ஒரு காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து, புகை எந்தத் திசையில் என்று பார்த்துக்கொண்டே வீட்டு ஆட்களுக்கு ஃபோன் போட்டார்கள். வெடித்தது கம்பெனி இல்லை, பக்கத்து ஊரில் ஒரு வீடு என்று சேதி வந்தது. யாருக்கும் தெரியாமல் வீட்டில் மருந்து வைத்து வெடி சுற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டேன். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

உடனே சங்கம் வீடு வீடாகச் சோதனை போட்டது. எங்கள் வீட்டுக்குச் செயலாளர் மாமாவோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சம்பந்தம் பேசிய வீடு என்பதால் மாமா கூச்சத்தோடுதான் உள்ளே நுழைந்தார். "தப்பா நினைச்சுக்கிடாதீக தம்பி, எல்லா வீட்டுக்கும் போறோம்ல" என்று அப்பாவிடம் சொன்னார். பரணைப் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். வேறு எந்த வீட்டிலும் ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லையாம். எங்கள் வீட்டிலும் திறந்திருக்க மாட்டார்கள். நான்தான் அதன் கதவில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன பாப்பா, உள்ள எதை ஒளிச்சு வச்சிருக்க?" என்று மாமா சிரித்தார்.

"திறக்காதீக மாமா. மருந்து இருக்கு, வெடிச்சிரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. கூட வந்த இருவரும் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். பிள்ளை உளறுகிறாள் என்றாள் அம்மா. மாமா என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, சம்படத்தை வெளியே எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடி கழலும் சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் உள்ளங்கையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் சில ஊசிகளும் இருந்தன.

"இன்சுலினுல்ல இது. யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றார் அப்பா.

"முந்தாநாள் நம்ம வீட்ல தட்டு நிறைய பூந்தி சாப்பிட்டீகளே தம்பி" என்றார் மாமா மெதுவாக.

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்திதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "எனக்கு. காலேஜ் படிக்கையில வந்துச்சு."

மாமா குப்பிகளைச் சம்படத்தில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். "இது நம்ம ரூல்ல வராது, வாங்க போவோம்" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "தப்பிச்சிட்டோம் சித்தி, நம்மளக் காலி பண்ணச் சொல்லல" என்று குதித்தேன். அவள் என் தலையைத் தடவி, "ஆமாடி, தப்பிச்சிட்டோம்" என்றாள். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். வெள்ளிக்கிழமை புதுப்பாவாடை கட்டிக்கொண்டு நான் மட்டும் கேட் வரைக்கும் போய் நின்றேன். வீடு வெடிக்கவில்லை, சங்கமும் எங்களைத் துரத்தவில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு பூ வைக்க வருவதை மட்டும் எப்படி மறந்தார்கள் என்று, விளக்கு வைக்கும் நேரம் வரை சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.