கூடப் போனவனை விட்டு வராதே

பெற்றவர்களுக்கு ஐந்தாறு பிள்ளைகள் என்றால், ஹாஸ்டல் வார்டனுக்கு வருஷா வருஷம் இருநூறு பிள்ளைகள். அத்தனை பேரும் வாலிபர்கள். நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். கல்யாணமான புதிதில், வாடகையில்லாத வீடு கிடைக்கிறதே என்று வார்டன் வேலைக்கும் தலையாட்டிவிட்டேன். நீங்களும் அப்படித் தலையாட்டியவர் என்றால், மேலே படியுங்கள். நாம் ஒரே ஜாதி.

இஞ்சி வைத்தியம்

அப்போது மதுவிலக்குக் காலம். ஹாஸ்டல் தின விருந்து நெருங்கினால் பையன்களுக்குக் கூட்டமாக அஜீரணம் வந்துவிடும். மருந்துக்கடையில் இஞ்சி டிஞ்சர் வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் வைப்பார்கள். அதில் இஞ்சியைவிடச் சாராயம் தூக்கல் என்பது வேதியியல் வாத்தியாருக்குத் தெரியாதா?

பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டேன். யாரையும் திட்டவில்லை. "பாவம், வயிறு சரியில்லாத பிள்ளைகள்" என்று சமையல்காரரிடம் சொல்லி, விருந்தன்று அவர்களுக்கு மட்டும் தனிப் பந்தி போட்டு அரிசிக் கஞ்சி ஊற்றச் சொன்னேன். பக்கத்துப் பந்தியில் கறி வறுவல் மணக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஒருவன் எழுந்து வந்தான்.

"ஏனுங் சார், வவுத்து வலி நேத்தே நின்னுபோச்சுங்க. எலையில ரண்டு துண்டு கறி வெக்கச் சொல்லுங்க!"

கிணற்று நீச்சல்

பரீட்சை முடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் விருந்து வைப்பது வழக்கம். போன இடத்தில் கும்மாளம் போடலாம்; ஆனால் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி உண்டு, ஜோடியை விட்டுக் கண் எடுக்கக் கூடாது என்பது என் கட்டளை. "கல்யாணமா பண்ணி வைக்கறீங்க?" என்று கேலி செய்வார்கள்.

ரங்கசாமி என்று ஒருவன். ஊர்க் கிணற்றில் மேலிருந்து குதித்துப் பழகியவன். ஆறு அமைதியாகத்தான் இருக்கிறது என்று சாப்பிட்ட கையோடு இறங்கிவிட்டான். மலையில் மழை பெய்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. நடுவில் போனதும் நீர் அவனை இழுத்துக்கொண்டு போய் ஒரு பாறையில் மோதவிட்டது. அவனுடைய ஜோடி போட்ட கூச்சலில்தான் நாங்கள் திரும்பினோம். பரிசல்காரர் ஒருவர் போய்ச் சேரும்வரை அவன் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

துண்டைப் போர்த்தி உட்கார வைத்தபோது, பல் தந்தியடிக்க அவன் சொன்னது இதுதான்: "சார், கெணத்துல தண்ணி ஒரே எடத்துலயே நிக்குமுங்க."

பனி மூடின மாதிரி

இது சிரிக்கிற சமாசாரம் இல்லை. கடைசி வருஷப் பையன்கள் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். யாரோ எங்கிருந்தோ ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கிறான். மற்றவர்கள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார்கள். பழனிசாமி மட்டும் வீம்புக்கு ஒரு டம்ளரைக் காலி செய்தான்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம். என் வீட்டு வாசலில் தேவராஜ் நின்றான். பண்ணைக் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து, சர்ச் உதவியில் படிக்க வந்த பையன். குடிக்காவிட்டாலும் அவனும் அந்த விருந்துக்குப் போனவன்தான். கல்லூரியை விட்டு நீக்கினால் அவன் படிப்பு அதோடு முடிந்தது.

"சார், பழனிசாமிக்குக் காத்தால இருந்து வாந்திங்க. இப்பப் பனி மூடுனாப்புல தெரியுதுங்கறான். யாரும் சொல்லப்புடாதுன்னாங்க. நான் வந்துட்டேனுங்க."

பாட்டிலில் இருந்தது வார்னிஷ் கலக்கும் விஷச் சாராயமாக இருக்க வேண்டும்; அது கண்ணைத்தான் முதலில் தின்னும். ஜட்கா பிடித்து இருவரும் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். என்ன குடித்தான் என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொன்னேன். இரவெல்லாம் வைத்தியம் நடந்தது.

தந்தி கிடைத்து, சென்னிமலைப் பக்கத்திலிருந்து அவன் அப்பா காலையில் வந்து சேர்ந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குடிச்சானா இல்லையான்னு அப்பறம் கேட்டுக்கறனுங்க. பையனுக்குக் கண்ணு தெரியுதுங்களா? அத மொதல்ல சொல்லுங்க."

தெரிந்தது. முழுசாகத் தெளியச் சில வாரங்கள் ஆயின.

பிரின்சிபால் அறையில்

தோட்டத்துக்குப் போன எல்லோரையும் நீக்க வேண்டும் என்று பிரின்சிபால் குதித்தார். "தேவராஜையும் நீக்கினால், அடுத்த தடவை என் கதவை யார் தட்டுவார்கள்?" என்று கேட்டேன். மற்றவர்களுக்கும் பரிந்து பேசினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரையும் எச்சரித்து விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நான் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "அந்த வயசுல நானா இருந்தா வந்து சொல்லியிருப்பேனான்னு யோசிக்கறேன், சார்."

'காட்டிக்கொடுத்தவன்' என்று தேவராஜோடு சிலர் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழனிசாமி தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் தேவராஜ் அறையில் போட்டான். அந்த ஒதுக்கல் அதோடு நின்றது.

புது விதி

அதன்பின் ஒரு விதி போட்டேன். கூடப் போனவனுக்கு ஏதாவது ஆனால் என்னிடம் கூட்டி வா. கூட்டி வந்தவனுக்குத் தண்டனை கிடையாது. விதி நன்றாகவே வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. சுளுக்குக்கும் தலைவலிக்கும்கூட என்னிடம் கூட்டி வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் சாப்பிட்டுக் கண் அசந்த நேரம் கதவு தட்டப்பட்டது. முதல் வருஷப் பையன் இன்னொருவனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"சார், இவன் கல்யாண ஊட்டுல லட்டா எடுத்துத் தின்னுபோட்டான். எனக்குப் பயமா இருக்குதுங்க, அதான் கூட்டியாந்துட்டேன்!"

இத்தனை வருஷத்தில் நான் பறிகொடுத்தது என் தூக்கத்தை மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ள முடிகிறதே, ஒரு வார்டனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?