பழைய துப்பாக்கி பார்க்கத் தெரிந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் சொல்லிவிட்டாள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மரக்காணத்தில் உப்பளக் கூலிக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அம்மாவோடு உப்பு வாரப் போனார். காலில் வெடிப்பு, கண்ணில் எரிச்சல், மழை வந்தால் வேலை இல்லை. எல்லா வீட்டிலும் இருந்ததுதான் எங்கள் வீட்டிலும் இருந்தது. திருமணமாகி ஆறாம் ஆண்டில் மாமா காய்ச்சலில் போய்விட்டார். மகளை வளர்க்க உப்பளக் கூலி போதவில்லை. பெரிய முதலியார்சாவடியில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் பாண்டிச்சேரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தார்.

அந்தக் கடைக்குப் பழைய கதவு, தூண், விளக்கு எல்லாம் வரும். எப்போதாவது வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத் துப்பாக்கி வரும். குழாயின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்து, கல் உரசும் பொறியால் சுடுகிற வகை. துரு எடுக்கும் வேலையை முதலாளி அக்காவிடம் கொடுத்தார். அக்கா துரு மட்டும் எடுக்கவில்லை. இரும்பில் குத்தியிருக்கும் முத்திரை மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதன் அச்சை ஒரு நோட்டில் சேர்த்துவைத்தார். அந்த எழுத்துகளை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த முத்திரை இரும்பில் அடித்தது, எது வார்ப்பில் வந்தது என்று விரலால் தடவியே சொல்வார். சில ஆண்டுகளில், அக்கா பார்த்துச் சொன்னால்தான் முதலாளி வாங்குவார் என்றாகிவிட்டது. அக்கா பழசு என்றால், அரசாங்க அனுமதிக் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதலாளி கைவைப்பார்.

அந்த நாட்களில்தான் நான் ஒரு தவறு செய்தேன். நான் வடக்கே போய் மூட்டை தூக்கிய ஊரில், சுவரில் மாட்டும் அலங்காரத் துப்பாக்கி செய்யும் பட்டறை இருந்தது. பழைய மாதிரியைப் பார்த்து அப்படியே செய்வார்கள். ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். உப்பு தின்றால் எந்த இரும்பும் நூறு வருஷத்து இரும்பாகிவிடும் என்பது என் கணக்கு. உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடியவிடும் பாத்திப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். மழைக்காலம் முழுக்க அதை அங்கே சேற்றில் புதைத்து வைத்தேன். எடுத்தபோது நானே ஏமாந்துபோகும் அளவுக்குத் துரு ஏறியிருந்தது. கிளியனூரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து பழைய சாமான் எடுக்கும் அண்ணனிடம், ஒரு பழைய வீட்டில் கிடைத்தது என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். நான் கொடுத்ததாக அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் அதைக் கடைக்குக் கொண்டுபோன நாளில், அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துவந்தவன்போல நானும் போய் நின்றேன். வாங்குவதற்காகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, நல்லாப் பாரு. இதுல என் வண்டிக்கு ரெண்டு டயராவது தேறணும்" என்றார் கிளியனூர் அண்ணன்.

அக்கா அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திருகாணித் தலை எல்லாம் ஒரே அச்சா இருக்குதுங்க. கையால வெட்டினது இப்படி வராது. மருந்து பத்துற ஓட்டையைச் சுத்தி இரும்பு கரைஞ்சிருக்கணும். இதுல ஓட்டை உள்ள வரைக்கும் போகவே இல்ல."

"துருவைப் பாரும்மா, எவ்ளோ பழசு!" என்றார் சென்னைக்காரர்.

அக்கா துருவை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த மழையில் கசப்புப் பாத்திப் பக்கம் மண்வெட்டியோடு போனவன் நான் ஒருவன்தான். அது அக்காவுக்குத் தெரியும்.

"புதுசுங்க. உப்புச் சேத்துல ஊற வெச்சிருக்காங்க" என்றார்.

முதலாளி கிளியனூர் அண்ணன் மேல் பாய்ந்தார். "ஏன்யா, எத்தினி வருஷமா என் கடைக்கு வர்ற? என்னையே ஏமாத்துறியா? போலீஸைக் கூப்பிடட்டா?"

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அக்கா எதிரில் இருக்கிறார் என்பதற்காகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நானும் பேசாமல் நின்றேன்.

"அவரை விடுங்க முதலாளி. இதைப் புதைச்சது என் தம்பி. தோ, சோத்துத் தூக்கோட நிக்கறான் பாருங்க, இவன்தான். எனக்கும் கணக்கை முடிச்சுடுங்க, நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்" என்றார் அக்கா.

முதலாளி கிளியனூர் அண்ணனை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். "நீ போய்ட்டா எனக்கு யாரும்மா பார்த்துச் சொல்றது? போய் உக்காரு" என்றார்.

சென்னைக்காரர் சிரித்தபடி, "அப்ப இதுக்கு என்ன விலைதாம்மா போடுவ?" என்று கேட்டார்.

அந்த நிலையிலும் அக்கா சரியாகவே சொன்னார். "பழசுன்னா ஒண்ணுமே கிடையாது சார். செவுத்துல மாட்டுற பொம்மைன்னா, மரவேலை நல்லா இருக்குது. புதுசுல என்ன விலையோ அதுல பாதி குடுக்கலாம். மீதியை இவன் உப்புல கெடுத்துட்டான்."

அந்தப் பாதி விலைக்கே அவர் வாங்கிக்கொண்டார். பணத்தைக் கிளியனூர் அண்ணன் கையில் கொடுக்கச் சொன்னார் அக்கா.

அன்றே நான் ஊரை விட்டுப் போனேன். மூன்றாண்டு திரும்பவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அவர் மகள் போன் செய்த பிறகுதான் வந்தேன். அக்கா ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் நானே கேட்டேன்: "எல்லார் எதிர்லயும் என் பேரைச் சொல்லிட்டியேக்கா?"

"நீயே சொல்லுவன்னு நின்னேன்டா. நீ வாயத் தொறக்கல. அந்த அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கினு நிக்கறாரு. நான் வேற என்னா பண்றது?" என்றார்.

சில வாரங்களில் அக்கா போய்விட்டார். பழம்பொருள் பார்க்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கலாம். தன் வேலையும் தம்பியும் ஒருசேரப் போகும் என்று தெரிந்தும் பார்த்ததைச் சொன்னவர் ஒருவரை மட்டுமே நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவச் செலவில் பங்கெடுத்த கடை முதலாளிக்கும், முறைவைத்துச் சமைத்துத் தந்த உப்பளத்துப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாரம் இருமுறை அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றவர் கிளியனூர் அண்ணன். என்னையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். பழையதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் பேசவில்லை. அண்ணே, அன்று கடையில் என் குற்றத்துக்கு நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உறவினர் எல்லாரும் படிக்கும் இம்மலரில், அது என் குற்றம்தான் என்று எழுதி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.