பாலத்தில் பறித்த ஊசி

என் மகள் ஆங்கிலத்தில் காதல் நாவல் எழுதுகிறாள். அதுவும் இந்தக் காலத்துக் காதல் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்கொட்லாந்துக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் வெட்டிக் கொத்திய காலத்துக் காதல். முதல் புத்தகத்தின் அட்டையில் சட்டையில்லாத ஒருவன் மழையில் நனைந்தபடி ஒரு பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு கோட்டை எரிந்தது. ஊர் எரியும்போது எவனுக்கு இடுப்பைப் பிடிக்கத் தோன்றும் என்று கேட்டேன். சிரித்தாள். புத்தகம் நன்றாக விற்றது.

இரண்டாவது நாவலின் ஓர் அத்தியாயத்தைப் போன வாரம் நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ரொக்ஸ்பரோவில் அவளுடைய பெரியம்மாவின், அதாவது என் அக்காவின், பிறந்தநாள். புலம்பெயர்ந்து வந்து நான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கிய காலமெல்லாம் மகளை வளர்த்தது அக்காதான். இந்த நாவல் அக்காவுக்கே சமர்ப்பணம். அக்காவுக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் இந்த அத்தியாயத்தை எல்லோர் முன்னாலும் தமிழில் சொல்லிக்காட்டப் போகிறாளாம்.

வாசித்தேன். ஆற்றுப் பாலத்தில் ஆங்கிலேயக் காவல். ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் கடக்க வருகிறாள். தளபதி அவள் சால்வையில் குத்தியிருந்த வெள்ளி ஊசியைக் கழற்றி எடுத்துப் பெருவிரலால் மெல்லத் தடவுகிறான். பொழுது பட்டதும் வந்து வாங்கிக்கொள் என்கிறான். அவளுக்கு நெஞ்சு படபடக்கிறதாம், பயத்தில் இல்லையாம். பின்னேரம் தலைவாரிக்கொண்டு போகிறாள்.

அந்தப் பெருவிரலை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரன் என் அடையாள அட்டையை வாங்கி, பெருவிரலை நக்கி, படத்தில் என் முகத்தின் மேல் தேய்த்தான். பின்னேரம் தனியாக வந்து எடு என்று அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அட்டை இல்லாமல் அன்று தெருவில் இறங்குபவர் வீடு திரும்புவது நிச்சயமில்லை. இதை மகளுக்குச் சொன்னதே நான்தான். அட்டை எப்படித் திரும்பி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சண்டைக் கதை சொல்லும்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் பாதியை விழுங்கிவிடுவார்கள். விழுங்கிய பாதிக்கு இவள் பூவும் பொட்டும் வைத்துவிட்டாள்.

“இதைப் பெரியம்மாவுக்குச் சொல்லாதை,” என்றேன்.

“ஏன் அம்மா? வெறும் கதைதானே. வாசிக்கிற ஆக்களுக்கு இந்த இடம்தான் விருப்பம்.”

“எனக்கு அருவருப்பா இருக்கு. அவன்ரை எச்சில் இன்னும் என்ரை முகத்திலை கிடக்கிற மாதிரி இருக்கு. நீ அதைக் காதல் எண்டு எழுதி வைச்சிருக்கிறாய்.”

“ஆனா அட்டை திரும்பக் கிடைச்சதுதானே?”

“கிடைச்சது. எடுக்கப் போனது நானில்லை. எனக்குச் சொல்லாமல் பெரியம்மா போனவ. விடியத்தான் வந்தவ.”

மகள் தாள்களை வாங்கிக்கொண்டு போனாள். நான் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டத் தொடங்கியதும் அக்காவே கேட்டாள்.

“எங்கை பிள்ளை, சொல்லுறன் எண்ட கதை?”

“இன்னும் எழுதி முடியேல்லைப் பெரியம்மா.”

“எழுதின மட்டும் சொல்லு.”

மகள் என்னைப் பார்த்தாள். தப்ப வழியில்லை. பாலத்தைச் சொன்னாள், காவலைச் சொன்னாள், பறித்த ஊசியைச் சொன்னாள். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. அக்கா கேக்கைத் துண்டு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பேந்து? பெட்டை போனவளோ?”

“இல்லை. ஊசி போனாப் போகட்டும் எண்டு விட்டிட்டாள்.”

அக்காவின் கத்தி நிற்கவில்லை. ஒரு துண்டைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

“ஊசியெண்டா விடலாம்,” என்றாள்.