சேவை வழங்கப்பட்டது

அண்ணாவுக்கு மனநல சேவை வழங்கப்பட்டுவிட்டதாகக் கந்தோரிலிருந்து கடிதம் வந்த அன்று, அவர் சாப்பிடாமல் இருந்த மூன்றாவது நாள். அவருக்கு மாதாமாதம் போடும் ஊசி நான்கு மாதமாக இல்லை. கிளினிக்கில் கேட்டால், "சட்டியிலை இருந்தால்தானே அக்கா அகப்பையிலை வரும்" என்று தாதி சிரிப்பார். அதனால்தான் சுகாதாரக் கந்தோருக்கு மனு எழுதினேன்.

ஊசி போட்டால் அண்ணா கீரிக் கடற்கரையில் மற்றவர்களோடு இருந்து கிழிந்த வலை பொத்துவார். போடாவிட்டால், நான் சோற்றில் நஞ்சு கலப்பதாகச் சொல்வார். இருபது வருடமாக என் கையால் சாப்பிட்டவர். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வரும், அழுகை பிறகு.

சேவை வழங்கியதாகக் கடிதத்தில் இருந்த திகதியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அன்று கோவில் மண்டபத்தில் மன ஆரோக்கியம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூச்சுப் பயிற்சி காட்டினார். ஊசி எப்போது வரும் என்று கேட்டேன். "கேள்வியளைக் கடைசியிலை எடுப்பம்" என்றார். கடைசியில் படம்தான் எடுத்தார்கள்.

வரவுத் தாளில் கையெழுத்து வைத்தவர்களுக்கு ரோல்ஸும் கேக்கும் கொடுத்தார்கள், மூடி ஒட்டிய பெட்டியில். ஒட்டிய பெட்டியென்றால் அண்ணா நம்பிச் சாப்பிடுவார். அவர் பெயருக்கும் நானே கையெழுத்து வைத்து இன்னொரு பெட்டி வாங்கினேன். வீட்டில் இருப்பவருக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்காதவர் எங்கள் ஊரில் யார்?

மறுபடி மனுப் போட்டேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அதிகாரி வரவுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்கட அண்ணாவின்ரை கையெழுத்துத்தானே?"

"இல்லை சேர், நான் வைச்சது. பெட்டிக்காக வைச்சனான்."

"அப்ப கள்ளக் கையெழுத்து."

"ஊசி இல்லாததுக்கு ஆர் பொறுப்பு?"

"அது மேலிடத்து விசயம்."

நான்கு மாதம் மருந்து கொடுக்காததற்கு ஒரு குற்றவாளி அகப்படவில்லை. ஒரு ரோல்ஸ் பெட்டிக்கு உடனே அகப்பட்டுவிட்டாள். வெட்கம் கெட்டவர்கள்.

"அண்ணா வெளியிலைதான் நிக்கிறார். சேவை கிடைச்சதோ எண்டு நீங்களே கேளுங்கோ" என்றேன்.

அதிகாரி வாசலைப் பார்த்தார். தாடியும் ஊத்தைச் சட்டையுமாக அண்ணா நின்றார். அதிகாரி காவலாளியைக் கூப்பிட்டு, "அந்த ஆளை உள்ளுக்கு விடாதேங்கோ" என்றார்.

காவலாளி எழும்புவதற்கு முன்பே, அண்ணா தானாக இரண்டு படி கீழே இறங்கி நின்றார்.