பத்துக் கூடை வண்டல்

நாச்சியாபுரம் பக்கம் எங்கள் ஊர். குடிதண்ணீர் ஊருணியில் பைக் கழுவுவது பெருகிவிட்டதால், அதைத் தடுக்கக் கிராமசபைக்கு ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார்கள். வக்கீலாச்சே, கெத்தாக எழுதினேன்: தண்ணீருக்குள் கால் வைப்பவர் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் பத்துக் கூடை வண்டல் அள்ள வேண்டும்.

ஊருணிக் கரையில் கூடிய சபையில் பைக் வைத்திருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். தீர்மானம் தோற்றுவிடுமோ என்று பயந்து, கையை வீசிப் பேசியபடியே பின்னால் நகர்ந்தவன், படி வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

குடத்தோடு படியில் நின்ற அக்கா கேட்டார்: “கூடை கொண்டாரவா, வக்கீலய்யா?”

“தீர்மானம் இன்னும் நிறைவேறலையே! சட்டம் வர்றதுக்கு முந்தி செஞ்சதுக்குத் தண்டிக்க முடியாது.”

“அப்பிடியா? நிறைவேத்துற வரைக்கும் அங்குட்டே நில்லுங்க.”

படியை மறித்துக்கொண்டார். முணுமுணுத்தவர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். ஏகமனதாக நிறைவேறியபோது நான் தண்ணீருக்குள்தான் இருந்தேன்.

அன்றே அள்ளினேன். ஐந்தாவது கூடையில் தள்ளாடியபோது, அந்த அக்காவே மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அதைத் தடுக்கும் பிரிவு எதையும் நல்லவேளையாக நான் எழுதியிருக்கவில்லை.