கொளுத்தாத ஊதுபத்தி

வெள்ளவத்தையில் என் மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோன வான்காரர் பெருந்தொந்திக்காரர். கண்ணாடியோரப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்தாமல் வானை எடுக்கமாட்டார். பள்ளித் தவணை தொடங்கிய அன்றே அந்தப் புகையில் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்துமா பம்பை வாயில் அடித்து அவளுக்கு மூச்சு சீராகும்வரை அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் பத்தியை நெருப்பில்லாமலே மூன்று தரம் சுற்றினார்.

"இண்டைக்குக் கொளுத்தேல்லையோ, அண்ணை?" என்றேன்.

"பிள்ளையாருக்கு எவ்வளவு நீளத் தும்பிக்கை, தங்கச்சி! கொளுத்தாமலே மணக்கும்."

அன்று ராணுவச் சோதனைச்சாவடியில், வாயில் சிகரெட்டோடு வானுக்குள் தலையை நீட்டிய ஆமிக்காரரிடம், "மல்லி, பேபிட்ட வீசிங்" - தம்பி, பிள்ளைக்கு இழுப்பு - என்று சிங்களத்தில் சொல்லி அந்தக் கொளுத்தாத பத்தியை ஆட்டிக் காட்டினாராம். ஆமிக்காரர் பிள்ளையாரைப் பார்த்தாராம். சிகரெட்டைக் கீழே போட்டுச் சப்பாத்தால் நசுக்கினாராம்.

மகள் இதைச் சொல்லி மூச்சிரைக்கச் சிரித்த சிரிப்பில், நான் பம்பைத் தேடி ஓடினேன்.