ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்

வவுனியாவில் நான் வேலை செய்த கந்தோரில் இடம்பெயர்ந்தவர்களின் நிவாரணப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரே ஆள் இரண்டு நலன்புரி நிலையங்களில், அதாவது அகதி முகாம்களில், பதிந்திருந்தால் இரண்டாவது பதிவை நீக்க வேண்டும். அதற்கென்றே ஆயத்தமாகச் செய்த மென்பொருள் துண்டு ஒன்று கொழும்பிலிருந்து பிளொப்பியில் வந்தது. யார் எழுதியது, உள்ளே எப்படி வேலை செய்கிறது, ஒன்றும் தெரியாது.

“தங்கச்சி, இதை நம்பலாமோ?” என்று மேலாளர் கேட்டார். “பிழைச்சுதெண்டால் சனத்துக்குச் சாப்பாடு இல்லை.”

“பாத்திட்டுச் சொல்லுறன் ஐயா.”

முப்பது பேரின் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தேன். சரியான விடை எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் எல்லாரும் நான் வளர்ந்த குடியேற்றத் திட்டத்து ஆட்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த குடும்பங்கள். ஒரு பிழையும் வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்பலாம் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு பெண் வந்தார். மலையகத்துக்காரர், நெடுங்கேணிப் பக்கம் கூலிவேலை செய்தவர். அவருடைய நிவாரண அட்டையை நிறுத்திவிட்டார்களாம்.

“உங்கட பேர் மற்ற நிலையத்திலை கிடக்கு. ரண்டு இடத்திலை எடுக்கேலாது” என்று எரிந்து விழுந்தேன்.

“அது நான் இல்லீங்க மிஸ். மூணு வாரமா புள்ளைங்க அக்கம்பக்கத்துல வாங்கித்தான் சாப்பிடுதுங்க.”

இரண்டு பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, பிறந்தது ஒரே ஆண்டு ஜனவரி முதலாம் திகதி. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் வயதைக் கேட்டு, ஆண்டைக் கணக்கிட்டு, ஜனவரி ஒன்று என்று பதிவது எங்கள் வழக்கம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த பலரிடம் அந்தக் கடதாசி இல்லை. நான் சோதிக்க எடுத்த முப்பது பேரிடமும் இருந்தது. அந்த மென்பொருள் துண்டைக் குறை சொல்ல நியாயமில்லை, நாங்கள் கொடுத்த திகதியை அது உண்மை என்று எடுத்துக்கொண்டது. தெரிந்த ஆட்களை மட்டும் வைத்துச் சோதித்த விசரி நான்தான்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா.”

“பரவாயில்லீங்க மிஸ். எங்க பக்கத்துல ஒரு அக்காவுக்கும் நிப்பாட்டிட்டாங்க. கந்தோருக்கு வந்து கேக்கப் பயந்துக்கிட்டு, புள்ளைங்களோட எங்கயோ போயிருச்சு.”

அவருடைய பதிவை அன்றே திரும்ப ஏற்றினேன். பிறகு பழைய படிவங்களோடு ஒப்பிட்டு, நீக்கப்பட்ட ஜனவரி ஒன்றுப் பெயர்களை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு நிலையம் நிலையமாகப் போய்க் கூப்பிட்டேன். சிலர் எழுந்து வந்தார்கள். சில பெயர்களுக்கு ஒருவரும் வரவில்லை. அவை உண்மையிலேயே இரட்டைப் பதிவுகளா, கேட்கப் பயந்து போனவர்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.